ஒன்றாம் புத்தகம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை ஒன்று உண்டு. திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் தாத்தாவுக்கு 28 சென்ட் சவுக்குத் தோப்பு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவை ஊர்க் கணக்குப்பிள்ளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "வரி ரசீதுக்குக் கையெழுத்து" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கி, தோப்பை எழுதிக்கொண்டுவிட்டார். ஆயா மண்ணை வாரித் தூற்றினாள். கதை அவ்வளவுதான். வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் இந்தக் கதை வரும். வாடகை ஏறினால் வரும். எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டும்போது வந்தது. "அந்த இருபத்தெட்டு சென்ட் இருந்திருந்தா..." என்று அப்பா ஆரம்பித்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மாட வீதியில் எதிரே வந்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம். அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. அப்பா அதைப் பிரிக்கவே விடவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், நான் கேட்டேன்: "அந்தப் பத்திரத்தை யாராவது பாத்திருக்கீங்களாப்பா?"

யாரும் பார்த்ததில்லை.

*

பார்ப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். பட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம், வில்லங்கச் சான்று போனில் வருகிறது. டேட்டாபேஸில் வேலை செய்பவனுக்கு ஒரு வரியைத் தேடி எடுப்பது என்ன பெரிய காரியம்?

முதல் தடை எண். தாத்தாவின் தோப்புக்கு வீட்டில் யாருக்கும் சர்வே எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது பழைய எண். 1960இல் திருவான்மியூர் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்தில் ஒரு கிராமம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968இல் காஞ்சிபுரத்துக்குப் போனது. ஊர் சென்னைக்குள் வந்தது. டவுன் சர்வே நடந்தது. வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று எல்லாம் புதிதாக மாறியது. பழைய மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. நிலம் ஓரடி நகரவில்லை. அதைப் பற்றிய காகிதம்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தது.

என் தொழில் பாஷையில் சொன்னால், ப்ரைமரி கீயை மாற்றிவிட்டு, பழையதையும் புதியதையும் இணைக்கும் டேபிளை எங்கோ தொலைத்துவிட்டார்கள்.

*

இந்த ஊரின் முதல் பொது ஆவணங்கள் மருந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகள். சின்ன வயதில் அவற்றின் மேல் சாய்ந்துதான் சுண்டல் தின்போம். கல்லில் வெட்டியதைப் பார்க்க மனு போட வேண்டியதில்லை. ஆனால் கல்லில் ஏறியது நகல்தான். மூலம் ஓலையில், அதிகாரிகளிடம் இருந்தது. இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரோடு பேர் சேர்ந்துவிட்ட ஆனைமங்கலம் செப்பேட்டைப் படித்தால் இந்த நடைமுறை தெரியும். ராஜராஜன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஓர் ஊரைக் கொடுக்கிறான். அவன் வாயால் சொன்னதை ஒருவர் ஓலையில் எழுத, இன்னும் சிலர் ஒப்பிட்டுச் சரிபார்க்க, பிறகு அது வரிப் பொத்தகத்தில் ஏறுகிறது. ராஜேந்திரன் காலத்தில் செம்பில் வெட்டப்படுகிறது. ஒரு ஆவணத்துக்கு எத்தனை கை பட வேண்டும் என்று ஆயிரம் வருடம் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

அடுத்த பெரிய ஏற்பாடு கும்பினிக்காரர்களுடையது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை, அதாவது 'ஜாகீர்', கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. கைக்கு வந்தது என்ன என்று தெரியாமல் எப்படி வரி போடுவது? தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை அவர் சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்தார். எத்தனை ஏரி, எத்தனை கோயில், எத்தனை வீடு, எந்தச் சாதி, எவ்வளவு மானியம், விளைச்சலில் யாருக்கு எத்தனை பங்கு என்று எல்லாம் குறிக்கப்பட்டது. இந்த விவரங்களையெல்லாம் ஓலையில் எழுதியவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். இருநூறு வருடம் யாரும் பெரிதாகச் சீந்தாமல் கிடந்த இந்தக் கணக்குகளை 1960களில் தரம்பால் என்ற காந்தியவாதி சென்னை ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்தார். ஓலைகள் இப்போது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பர்னார்ட் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு, 1766 டிசம்பரில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஸ்வீடன் நாடு ஒரு சட்டம் போட்டது. அரசின் ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டு வாங்கலாம், அச்சிடலாம். உலகின் முதல் தகவல் உரிமைச் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ஓர் ஊரில் அரசு மக்களைப் படிக்க ஆரம்பித்தது, இன்னோர் ஊரில் மக்கள் அரசைப் படிக்க ஆரம்பித்தார்கள். நமக்கு அந்த இரண்டாவது பாதி வந்துசேர 239 வருடம் ஆனது.

*

இடையில் காகிதம் மலையாகக் குவிந்தது. 1805இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் கோட்டையில் சிதறிக் கிடந்த பழைய கோப்புகளை ஒரே இடத்தில் சேர்க்கச் சொன்னார். 1909இல் அவை எழும்பூரில் புதிதாகக் கட்டிய சிவப்புக் கட்டடத்துக்கு வந்தன. மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். உள்ளே தங்கள் ஊரின் பேர் இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

கிராமத்தில் நிலைமை வேறு. அங்கே ஆவணக் காப்பகம் என்பது கணக்குப்பிள்ளை வீட்டு மரப்பெட்டி. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அவர் வீட்டில்தான். பகுதி நேர உத்தியோகம். பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். எந்தப் புலம் யார் பேரில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் திண்ணையில் போய் நிற்க வேண்டும். அவர் நல்லவராக இருந்தால் சொல்வார். நல்லவராக இல்லாவிட்டாலும், அவர் சொல்வதுதான் பதில். எங்கள் வீட்டுக் கதையில் கணக்குப்பிள்ளை வில்லனாக வருவதற்கு அவர் எதுவும் செய்திருக்க வேண்டியதே இல்லை. பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது, அதுவே போதும்.

1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதி நேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. கர்ணமும் மணியமும் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 1982இல் ஒழித்தது செல்லும் என்று தீர்ப்பு. முழு நேர கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதே காலத்தில், 1979 முதல் எண்பதுகளின் பின்பகுதி வரை, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் 'யூ.டி.ஆர்.' திட்டமும் நடந்தது. அதில் மாறிப்போன பேர்கள், விட்டுப்போன பங்குகள், தவறிப்போன அளவுகள் பற்றித் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாலும் பத்துக் கதை கேட்கலாம்.

இதில் என் தாத்தாவின் 28 சென்ட் ரொம்பச் சின்ன விஷயம். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல், இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார்.  அதை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி கை மாறிப்போயிற்று. அதை மீட்கப் போனவர்கள் முதலில் தேடியது பழைய பதிவேட்டில் நிலத்தின் எதிரே போட்டிருந்த ஒரு சின்னக் குறிப்பைத்தான். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் குறிப்பு இருக்கும், பிந்தையதில் இருக்காது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். வார இறுதியில் நாம் பைக் ஓட்டிக்கொண்டு போகும் பக்கம்தான் அந்த ஊர். ஒரு பதிவேட்டின் ஓரக் குறிப்புக்கு என்ன விலை என்று அங்கே தெரியும்.

*

நாம் ஆவணம் கேட்கும்போது கௌண்டரில் முதலில் வரும் கேள்வி, "உங்களுக்கு எதுக்கு சார் அது?"

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1872 சாட்சியச் சட்டம் பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் கொடுக்கச் சொன்னது, ஆனால் பார்வையிட உரிமை உள்ளவருக்கு மட்டும். யாருக்கு உரிமை என்பதை அடுத்த சட்டத்தில் தேட வேண்டும். 1923இல் அலுவல் ரகசியச் சட்டம் வந்தது. சுதந்திரம் வந்தபின்னும் அது கூடவே வந்தது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே. மேத்யூ, பொது ஊழியர் செய்யும் பொதுக் காரியத்தை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியபோதுதான் காற்று மெல்லத் திசை மாறியது. ராஜஸ்தானில் கூலிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கிராமத்து ஆட்கள் கேட்டதும், 1994இல் கோட்கிரானாவில் அந்தக் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்ததும், 1996இல் பியாவரில் 40 நாள் உட்கார்ந்ததும் பெரிய கதை. நம் பெருமைக்கு ஒன்று: தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997இல். விதிவிலக்குகளின் பட்டியல் இருபதைத் தாண்டியதால் அதை வைத்து யாரும் எதையும் பெரிதாக வாங்க முடியவில்லை. 2005 அக்டோபர் 12இல் மத்தியச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 6(2) பிரிவு, அந்தப் பழைய கேள்விக்குப் போட்ட பூட்டு. விண்ணப்பிப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நானும் போட்டேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். முதல் மனுவில் நான் செய்த தப்பு, கதை எழுதியது. தாத்தா, வண்டி, கணக்குப்பிள்ளை, நியாயம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு. அதில் கேள்வி எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பதில், "கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை." பத்து நாள் சோர்ந்து கிடந்தேன். பிறகு படித்துப் பார்த்ததில், கோப்பு காணவில்லை என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விதிவிலக்கே அல்ல. 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தன்னிடம் இல்லை என்றால் இருக்கும் அலுவலகத்துக்கு மனுவை ஐந்து நாளில் மாற்றிவிட வேண்டும் என்கிறது 6(3). முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது தாளில் ஒரே ஒரு வரி எழுதினேன். இன்ன வார்டு, இன்ன பிளாக், இந்த டவுன் சர்வே எண்களுக்கு உரிய பழைய கிராம சர்வே எண்களைக் காட்டும் பட்டியலின் நகல். தோப்பு இருந்த இடத்தை அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே மூன்று மாடிக் குடியிருப்பு. அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான்டா கிணறு இருந்துச்சு" என்றாள். வாட்ச்மேன் எங்களை ஒருமாதிரி பார்த்தார்.

இருபத்தாறாம் நாள் உறை வந்தது. மூன்று பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய். பழைய எண் கிடைத்துவிட்டது.

*

எண் கையில் வந்தபிறகு தகவல் உரிமைச் சட்டமே தேவைப்படவில்லை. அதைவிடப் பழைய கதவு ஒன்று எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. 1864இல் பத்திரப் பதிவுக்கென ஒரு சட்டம் வந்தது. இப்போது நடப்பது 1908ஆம் வருடத்துச் சட்டம். அதன்படி சார்பதிவாளர் சில புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். ஒன்றாம் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள். மூன்றாம் புத்தகத்தில் உயில்கள். நான்காம் புத்தகத்தில் இதர பத்திரங்கள். மூன்றும் நான்கும் கண்டவர்க்குக் காட்டப்படாது. ஆனால் 57ஆம் பிரிவு சொல்கிறது: கட்டணம் கட்டினால் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கேட்கும் எவரும் பார்வையிடலாம்.

எவரும். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், ஸ்வதேசி இயக்கம் நடந்த காலத்தில் எழுதியது. நம் மேல் பரிவு வந்து எழுதவில்லை. நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கொடுப்பவனும் விலைக்கு வாங்குபவனும் ஏமாறாமல் இருக்க எழுதியது. சந்தைக்காகத் திறந்த கதவு. ஆனாலும் அதன் வழியாக ஒரு குடும்பம் தன் பழைய கதையைப் பார்க்கப் போகலாம்.

நகல் கிடைக்க மூன்று வாரம் ஆனது. உட்கார்ந்து பேர் அட்டவணையைத் தேடிக் கொடுத்த ஊழியர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். பழைய தொகுதிகளைத் தூக்கும்போது குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். "அவசரப்படாதீங்க தம்பி, அறுபது வருஷம் எங்கயும் போகல இது" என்றார்.

1960ஆம் வருஷத்துக் கிரையப் பத்திரம். நான்கு பக்கம். வாங்கியவர் கணக்குப்பிள்ளை இல்லை. மயிலாப்பூர்க்காரர் ஒருவர், நாங்கள் கேள்விப்பட்டே இராத பேர். கணக்குப்பிள்ளை பேர் கடைசிப் பக்கத்தில் இருந்தது: எழுதிக் கொடுப்பவரை எனக்குத் தெரியும் என்று அடையாளம் காட்டிய சாட்சியாக.

எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று தாத்தா. இரண்டாவது, மைனர் வயது 7, அவருக்குக் கார்டியனும் தகப்பனாருமான மேற்படியார். அந்த மைனர் என் அப்பா.

விற்ற காரணமும் எழுதியிருந்தது. குடும்பச் செலவுக்காகவும், மேற்படி மைனரின் வைத்தியச் செலவுக்காகவும்.

அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் நீளமாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் காதில் சீழ் வைத்து ஆபரேஷன் செய்தது என்பார். எந்த வருடம், யார் பணம் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

உடனே முடிவு கட்டிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைனர் பங்கை விற்கத் தக்க காரணம் வேண்டும். இல்லாவிட்டால் அவன் பெரியவனானதும் வழக்குப் போடலாம். அதனால் பத்திரம் எழுதுபவர்கள் வைத்தியம், கடன், சாப்பாடு என்று வழக்கமாகவே சில காரணங்களை எழுதிவைப்பார்கள். காரணம் நிஜமாகவும் இருக்கலாம், சம்பிரதாயமாகவும் இருக்கலாம். ஆனால் பத்திரத்தின் பின்பக்கம் இன்னொரு குறிப்பு இருந்தது. பதிவுச் சட்டத்தின் 58ஆம் பிரிவுப்படி, தன் முன்னால் பணம் கைமாறினால் சார்பதிவாளர் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறுநூற்று ஐம்பது ரூபாய் ரொக்கமாக என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்று இருந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது உண்மையாக இருக்கலாம். வரி ரசீது என்று சொன்னது உண்மையாக இருக்க வழியில்லை. எண்ணி வாங்கிய பணத்தைத் தாத்தா மடியில் கட்டிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்.

அப்படியென்றால் அந்தக் கதையை யார் ஆரம்பித்தது? தாத்தா ஆயாவிடம் சொல்லாமல் விற்றுவிட்டு, அவள் கோபத்துக்குப் பயந்து சொன்னதாக இருக்கலாம். மகன் தன்னால்தான் நிலம் போனது என்று நினைத்துக்கொண்டு வளரக் கூடாது என்று இருவரும் சேர்ந்தே சொன்னதாகவும் இருக்கலாம். ஒன்றாம் புத்தகத்தில் அது இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

*

நகலை அப்பாவிடம் கொடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எழுபது வயது மனிதரிடமிருந்து அவருடைய ஒரே சொத்தான கோபத்தைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் விவர விலக்கை அகலமாக்கித் திருத்துகிறது. அதைப் பற்றிய விவாதங்களில் நான் எப்போதும் 'எல்லாவற்றையும் திற' கட்சி. ஆனால் தன் காது ஆபரேஷன் பற்றிய வரி அறுபது வருடமாக, கட்டணம் கட்டும் எவருக்கும் திறந்து கிடந்தது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? திறந்து கிடந்ததால்தானே எனக்குக் கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். பத்திரத் தமிழ், புள்ளி இல்லாமல் ஓடும் ஒரே வாக்கியம். தன் பேர் வந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடி மேலிருந்து படித்தார். கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

"அறுநூத்தி அம்பதா?" என்றார்.

"ஆமாப்பா."

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறியது.

"கணக்குப்பிள்ள சாட்சிக் கையெழுத்துதான் போட்டிருக்காரு" என்றார், தனக்குள் சொல்வதுபோல். பிறகு என்னைப் பார்த்து, "இது இன்னொண்ணு எடுக்க எவ்ளோ ஆவும்?"

"எதுக்குப்பா?"

"அவங்க வீட்ல குடுக்கணும்டா."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கௌண்டரில் இந்த முறை வேறு ஆள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு தடவ வாங்கியாச்சே சார், திரும்ப எதுக்கு?" என்று கேட்டார். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குச் சொன்னேன்.